கோடெக்ஸில் இல்லாத மெழுகு

பதினாறு ஆண்டுகள் சைகோனில் ஒரு மருத்துவமனையின் மருந்தறையில் மருந்து கலந்த பிறகு, எனக்கு மருந்து கலக்கத் தெரியும் என்பதற்கு ஒரு தாள் கேட்டார்கள். இதில் எனக்குக் கோபம் எதுவும் வரவில்லை. நான் வேலையில் சேர்ந்தபோது காரைக்கால் பள்ளியின் சான்றிதழும் நல்ல கையெழுத்தும் போதுமானவையாக இருந்தன. இப்போது பிரெஞ்சுக்காரர்கள் அரசாங்கத்தைத் துறை துறையாக வியட்நாமியர் கையில் ஒப்படைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் மருத்துவமனையின் முறை வந்ததும் புதிய நிர்வாகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. மருந்து கலப்போருக்கான அரசுச் சான்றிதழ் இல்லாதவர்கள் ஆண்டு முடிவுக்குப் பிறகு கலவை மேசையில் நிற்கக் கூடாது. தேர்வு இருமுறை நடக்கும், ஏப்ரல் இறுதியில் ஒன்று, அக்டோபரில் ஒன்று.

சுற்றறிக்கையை அன்றைய நாட்குறிப்பில் அப்படியே நகலெடுத்திருக்கிறேன். அதற்குக் கீழே என் சொந்தக் குறிப்பு இருக்கிறது. தேர்ச்சி பெற்றால் வேலையும் மருத்துவமனைக் குடியிருப்பின் இரண்டு அறைகளும் மகளின் பள்ளிக்கூடமும் அப்படியே இருக்கும். பெறாவிட்டால் காரைக்காலுக்குக் கப்பல். காரைக்கால் அந்த ஆண்டின் முடிவில் எந்தக் கொடியின் கீழ் இருக்கும் என்பது யாருக்கும் தெரியாமல் இருந்தது. பிரெஞ்சு மருந்து விதிகளை மட்டும் தெரிந்து வைத்திருக்கும் நாற்பத்தொரு வயதுக்காரனுக்கு அங்கே என்ன வேலை கிடைக்கும் என்பதும் தெரியாது. எழுதிவிட்டு, பேனாவைத் துடைத்து மூடி வைத்தேன் என்றும் எழுதியிருக்கிறேன்.

ஏப்ரல் தேர்வுக்கு நான்கு மாதம் இருந்தது. படிக்க வேண்டிய புத்தகம் ஒன்றுதான். கோடெக்ஸ் என்று அதற்குப் பெயர். எந்த மருந்தில் எது, எவ்வளவு, எந்த வரிசையில் என்பதற்கெல்லாம் பிரெஞ்சு அரசின் இறுதிச் சொல் அது. மருந்தறையில் இருந்த ஒரே பிரதியை வெளியே எடுத்துப் போக அனுமதி இல்லை. ஆகவே மதிய இடைவேளையில் தினமும் நான்கு மருந்துகளை நோட்டில் எழுதிக்கொண்டேன். காலை ஐந்தரை முதல் ஏழு வரை அவற்றைப் படித்தேன். வெயில் ஏறியபின் படிப்பதில்லை. இரவு ஒன்பது மணிக்குப் படுத்துவிடுவேன். காலையில் எழுந்ததும் நாடித் துடிப்பை எண்ணிக் குறித்துக்கொள்வேன். அறுபத்தெட்டு, அறுபத்தாறு, அறுபத்தெட்டு என்று நான்கு மாதமும் பெரிய மாற்றமில்லாமல் போயிருக்கிறது.

படிப்பைவிடப் பதற்றத்தைப் பற்றித்தான் அதிகம் யோசித்தேன். இளைஞனாக இருந்தபோது ஒரு குமாஸ்தா தேர்வில் கை நடுங்கி மைக்கூட்டைக் கவிழ்த்திருக்கிறேன். பதற்றம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். செய்துகொண்டிருக்கும்போதே யோசிப்பதால் வருகிறது என்று முடிவு செய்தேன். யோசனையை முன்பே முடித்துவிட வேண்டும், தேர்வு மேசையில் கை மட்டும் வேலை செய்ய வேண்டும். இதற்காக ஒரு பயிற்சியும் வைத்துக்கொண்டேன். மருந்தறையில் ஒவ்வொரு கலவையையும் செய்யும்போது மனதுக்குள் பதினேழாம் வாய்ப்பாட்டைச் சொல்வேன். மனம் வாய்ப்பாட்டில் இருக்கும், கை மருந்தில் இருக்கும். பிப்ரவரி முடிவதற்குள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே பன்னிரண்டு பொட்டலங்களைச் சரியான எடையில் மடிக்க முடிந்தது. பிறகு சரிபார்த்தபோது ஒன்றிலும் பிழை இல்லை.

மருந்தறையில் என்னைத் தவிர இன்னொரு தமிழர் இருந்தார். புதுச்சேரிக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். அவரும் அதே தேர்வை எழுத வேண்டியிருந்தது. நான் தராசின் முன் நின்று உதட்டை அசைப்பதை ஒருநாள் பார்த்துவிட்டார்.

"என்னாண்ணே, அர்ச்சனையா?"

"பதினேழாம் வாய்ப்பாடு."

"சரியாப் போச்சு. பல்லு வெளக்குறப்பகூட கடியாரம் பாப்பீங்களோ?"

"நாலு நிமிஷம் ஆவும்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டுத் தன் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். "இதப் பாருங்க. புத்தகத்தத் தொறந்தாலே ஆடுது. பேசாம அன்னிக்குக் காலையில புரோமைட் சிரப்ப ஒரு கரண்டி ஊத்திக்கிட்டுப் போயிடலாம்னு இருக்கேன்."

"அது ஆளத் தூங்க வச்சுடும்."

"தூங்குறவனுக்குப் பயம் ஏதுண்ணே?"

புரோமைட் சிரப் என்பது வலிப்புக்காரர்களுக்கும் நரம்புத் தளர்ச்சிக்காரர்களுக்கும் நாங்கள் கலந்து கொடுப்பது. மருந்தறையில் வேலை செய்கிறவர்களுக்கு இப்படி ஒரு பழக்கம் உண்டு. ஊரெல்லாம் எச்சரித்துக் கொடுக்கும் மருந்தைத் தங்களுக்கென்று வரும்போது கரண்டிக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள்.

மார்ச்சில் வேலை இரண்டு மடங்கானது. வடக்கே மலைகளுக்கு நடுவில் பிரெஞ்சுப் படை ஒன்று முற்றுகையில் சிக்கியிருந்தது. காயம்பட்டவர்கள் ஹனோய் கொள்ளாமல் தெற்கேயும் வந்தார்கள். காலையில் மருந்தறைச் சன்னல் வழியே வரும் சீட்டுகள் ஒரு கைப்பிடியிலிருந்து ஒரு கூடையாயின. இதையும் நான் பயிற்சியாகவே எடுத்துக்கொண்டேன். கை இன்னும் வேகமானது. ஏப்ரல் தொடக்கத்தில் நாட்குறிப்பில் எழுதியிருப்பது: "இப்போது வாய்ப்பாடுகூட வேண்டியதில்லை."

முதல் நாள் எழுத்துத் தேர்வு. அதைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. எல்லாக் கேள்விகளுக்கும் எழுதினேன், கடைசிப் பத்து நிமிடத்தில் எழுத்துப் பிழைகளைத் திருத்தினேன். இரண்டாம் நாள் செய்முறை. மருத்துவக் கல்லூரியின் நீண்ட கூடத்தில் பதினான்கு மேசைகள் போட்டிருந்தார்கள். முதலில் சீட்டு ஒட்டாத முப்பது ஜாடிகளைப் பார்த்தும் முகர்ந்தும் பெயர் எழுத வேண்டும். முப்பதையும் எழுதினேன். என் முன்னால் நின்ற புதுச்சேரி நண்பரிடமிருந்து புரோமைட் சிரப்பின் ஆரஞ்சு வாசனை வந்தது. அவர் ஒவ்வொரு ஜாடியின் முன்னும் கோயிலில் நிற்பதுபோல் நின்றார்.

பிறகு மூன்று மருந்துகளை மூன்று மணி நேரத்தில் செய்ய வேண்டும். ஒரு இருமல் சிரப், தேன்மெழுகும் பாதாம் எண்ணெயும் சேர்ந்த ஒரு களிம்பு, கடைசியாகப் பத்து மருந்துக் குச்சிகள். மருந்துக் குச்சி என்று நான் சொல்வது காய்ச்சலுக்கும் வலிக்கும் பின்வழியாக வைக்கும் மருந்து. பிரெஞ்சுக்காரர்களுக்கு வாய் வழியாகப் போகும் மாத்திரையைவிட இதில்தான் நம்பிக்கை அதிகம். கொக்கோ வெண்ணெயை வெந்நீரின் மேல் உருக்கி, மருந்துப் பொடியைக் கலந்து, துப்பாக்கிக் குண்டின் வடிவத்தில் குழிகள் உள்ள உலோக அச்சில் ஊற்றி, ஐஸ் கட்டியின் மேல் வைத்து உறைய விடுவோம். ஆயிரக்கணக்கில் செய்திருக்கிறேன்.

கை வேலை செய்தது. நான் எதிர்பார்த்தபடியே இருந்தது. கூடத்தில் யாரோ குடுவையை உடைத்தார், யாரோ இருமினார், என் மனதில் அலை எதுவும் எழவில்லை. சன்னலுக்கு வெளியே மரத்தடியில் ஒரு பெண் நுங்குபோல் எதையோ வெட்டி விற்றுக்கொண்டிருந்தாள். அவள் எத்தனை வெட்டினாள் என்று எண்ணினேன். பதினொன்று. இரண்டரை மணி நேரத்தில் மூன்று மருந்தும் முடிந்து, அச்சு ஐஸின் மேல் இருந்தது.

செய்தவற்றை எழுதித் தர ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். எந்தெந்தப் பொருளை எத்தனை கிராம் எடுத்தோம் என்று மருந்து வாரியாக எழுத வேண்டும். சிரப்பை எழுதினேன், களிம்பை எழுதினேன். குச்சிக்கு வந்தேன். காய்ச்சல் மருந்துப் பொடி, ஐந்து கிராம். கொக்கோ வெண்ணெய், இருபத்தைந்து கிராம். மூன்றாவது வரியில் பேனா, வெள்ளை மெழுகு என்று எழுதத் தொடங்கியது.

கேள்வித்தாளைப் பார்த்தேன். குச்சிக்கு இரண்டு பொருள்கள்தான் கேட்டிருந்தார்கள்.

இதை விளக்க வேண்டும். கொக்கோ வெண்ணெய் முப்பத்துநாலு டிகிரிக்குள் உருகிவிடும். பிரான்சில் அது உடம்புக்குள் போன பிறகு உருகும். சைகோனில் ஏப்ரல் மாதத்தில் நர்சின் விரலிலேயே உருகும். அதனால் எங்கள் மருந்தறையில், எனக்கு முன்னால் இருந்தவர்கள் காலத்திலிருந்தே, நூற்றுக்கு ஐந்து பங்கு வெள்ளைத் தேன்மெழுகு சேர்ப்பது வழக்கம். கோடெக்ஸில் அது கிடையாது. யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததாகவும் நினைவில்லை. மெழுகு ஜாடி எப்போதும் தராசுக்கு இடப்பக்கம் இருக்கும், அங்கே கை போகும். தேர்வு மேசையிலும் களிம்புக்காக வைத்த மெழுகு தராசுக்கு இடப்பக்கம்தான் இருந்தது.

எவ்வளவு போட்டேன் என்பதுகூட எனக்கு நினைவில்லை. தராசைப் பார்த்தேன். ஒரு கிராம் கல்லும், இருபது சென்டிகிராம் கல்லும், ஐந்து சென்டிகிராம் கல்லும் தட்டிலேயே இருந்தன. ஆக ஒன்றேகால் கிராம். இருபத்தைந்துக்கு நூற்றுக்கு ஐந்து. கணக்கு சரியாக இருந்தது.

இருபத்தைந்து நிமிடம் மீதி இருந்தது. மறுபடியும் உருக்கி ஊற்றினால் உறைய அரை மணியாவது வேண்டும், ஐஸும் பெரும்பாலும் தண்ணீராகிவிட்டது. மூன்றாவது வரியை எழுதாமல் விடலாம். குச்சியை வெட்டிப் பார்த்தாலும் முகர்ந்தாலும் அந்த அளவு மெழுகை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. எழுதினால் விதிமீறல், செய்முறையில் ஒரு மருந்துக்குப் பூஜ்யம் வந்தால் மொத்தத் தேர்விலும் தோல்வி. இதெல்லாம் வரிசையாக மனதில் வந்தது. நாடியை எண்ணினேன். எழுபது. நான் அமைதியாகத்தான் இருந்தேன். அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை.

வரியை முடித்தேன். "வெள்ளை மெழுகு, ஒரு கிராம் இருபத்தைந்து சென்டிகிராம்." நேர்மை என்று இதற்குப் பெயர் வைக்க எனக்கு விருப்பம் இல்லை. மருந்தறைப் பதிவேட்டில் பதினாறு ஆண்டுகள், கேட்டதை அல்ல, போட்டதையே எழுதி வந்திருந்தேன். வேறு மாதிரி எழுத அந்த இருபத்தைந்து நிமிடத்தில் கற்றுக்கொள்ள முடியவில்லை.

பிற்பகலில் நடுவர்கள் இருவர் மேசை மேசையாக வந்தார்கள். ஒருவர் பிரெஞ்சு ராணுவத்தின் மருந்தியல் அதிகாரி, பருத்தவர், ஓய்வுக்கு அருகில் இருந்தவர். மற்றவர் வியட்நாமியர், கல்லூரிப் பேராசிரியர், மெலிந்தவர், சட்டையின் மேல் பொத்தான் வரை போட்டிருந்தார். பேச்சு பிரெஞ்சில் நடந்தது. எனக்குப் பக்கத்து மேசை புதுச்சேரி நண்பருடையது. அவருடைய பத்துக் குச்சிகளும் வெயிலில் வைத்த ஐஸ்கிரீம்போல் சாய்ந்துகொண்டிருந்தன.

அதிகாரி என் குச்சிகளில் ஒன்றை எடுத்து விரலுக்கிடையில் உருட்டினார். "பக்கத்து மேசையில் சூப். இங்கே மட்டும் குச்சி. எப்படி?" தாளைப் பார்த்தார். "ஆ, மெழுகு! பழைய ஆள். நானும் ஆப்பிரிக்காவில், டக்காரில் இருந்தபோது போட்டிருக்கிறேன். யார்தான் போடவில்லை?"

"நானும் போடுகிறேன்" என்றார் பேராசிரியர். "ஆனால் இது மருந்தறை இல்லை. கேள்வித்தாளில் மெழுகு இருந்ததா?"

"இல்லை, ஐயா" என்றேன்.

"விட்டுவிடுங்கள், நண்பரே" என்றார் அதிகாரி. "வெப்பம் இருக்கிறதா இல்லையா? கோடெக்ஸைப் பாரிசின் குளிரில் உட்கார்ந்து எழுதினார்கள்."

"உங்களுக்கு விட்டுவிடுவது எளிது. நீங்கள் கப்பல் ஏறிவிடுவீர்கள். இந்தச் சான்றிதழில் இனி எங்கள் முத்திரை இருக்கும். சைகோன் சான்றிதழ் என்றால் கொஞ்சம் முன்னே பின்னே என்று நாளைக்குப் பாரிசில் சொல்வார்கள்." பிறகு என் பக்கம் திரும்பினார். குரலில் கடுமை இல்லை. "ஒன்று மட்டும் சொல்லுங்கள். வெப்பத்தை யோசித்து, தெரிந்தே சேர்த்தீர்களா?"

அவர் எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டார் என்பது தெரிந்தது. தெரிந்து செய்தால் அது ஒரு தொழில்காரனின் முடிவு, அதற்குப் பாதி மதிப்பெண்ணாவது உண்டு. அதிகாரி எனக்காகத் தலையை ஆட்டிக்கூடக் காட்டினார்.

"இல்லை, ஐயா. போட்ட பிறகுதான் தெரிந்தது. கை போட்டுவிட்டது."

பேராசிரியர் பேனாவைத் திறந்தார். "இன்றைக்கு மெழுகு" என்றார். "நாளைக்கு உங்கள் கை வேறு எதைப் போடும்?"

அவர் எழுதியதைத் தலைகீழாகப் படித்தேன். பூஜ்யம். அவர் கேட்டது சரியான கேள்வி என்று அப்போதே தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

மே மாதம் முடிவுகள் ஒட்டப்பட்டன. புதுச்சேரி நண்பர் தேர்ச்சி பெற்றிருந்தார், கடைசிப் பெயர். அவர் குச்சிகள் உருகினாலும் பொருளும் எடையும் கோடெக்ஸ்படி இருந்தன.

"தல கிறுகிறுன்னு இருந்துச்சாண்ணே, என் மேலயே எனக்கு நம்பிக்கை இல்ல. ஒவ்வொரு வரியையும் நாலு தடவ படிச்சேன். மெழுகா? அது ஞாபகத்துக்கே வரல. ஒரு கரண்டி குடிங்கன்னா கேட்டீங்களா?"

"குடிங்கன்னு நீங்க சொல்லவே இல்லியே."

"சொன்னா மட்டும் குடிச்சிருப்பீங்களாக்கும்!"

அதே வாரம் வடக்கே முற்றுகையிலிருந்த படை சரணடைந்தது. மருந்தறையில் என்னைக் கலவை மேசையிலிருந்து எடுத்துப் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டும் மேசைக்கு மாற்றினார்கள். தேர்வில் தோற்றவர்களுக்கு ஆண்டு முடிவு வரை தவணை இல்லை என்று விதி இருந்தது. ஜூன் கடைசியில் இன்னொரு சுற்றறிக்கை வந்தது. சான்றிதழ் இல்லாத இந்திய ஊழியர்கள் குடும்பத்தோடு ஊர் திரும்ப விரும்பினால் நிர்வாகமே கப்பலில் இடம் வாங்கித் தரும். ஜூலை முடிவதற்குள் பெயர் கொடுக்க வேண்டும், கப்பல் செப்டம்பரில். பெயர் கொடுத்தால் அக்டோபர் தேர்வு இல்லை. கொடுக்காமல் இருந்து அக்டோபரிலும் தோற்றால் வேலையும் இல்லை, வீடும் இல்லை, கப்பலும் இல்லை.

ஒரு தாளை இரண்டாக மடித்து இரு பக்கமும் காரணங்களை எழுதினேன். என் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டே அதை எட்டிப் பார்த்தாள். அவள் பத்தொன்பது வயதில் காரைக்காலிலிருந்து வந்தவள். என்னைவிட நன்றாக வியட்நாமிய மொழி பேசுவாள், சந்தையில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது.

"எந்தப் பக்கங்க நெறைய இருக்கு?"

"ரெண்டும் சமமா இருக்கு."

"அப்ப இத எழுதி என்னா பிரயோசனம்?"

அவள் கத்தியை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் ஒண்ணு கேக்குறேன். படிப்பு உங்களுக்கு வராம இல்ல. கைதான் போச்சுன்னீங்க. அக்டோபர்லயும் அதே கையத்தான் எடுத்துக்கிட்டுப் போவப் போறீங்க. அது அப்பவும் போவாதுன்னு என்னா நிச்சயம்?"

"ஒரு நிச்சயமும் இல்ல."

"அதுக்கு ஒரு வழி சொல்லுங்க. இருப்போம். வழி இல்லன்னா பேரக் குடுத்துடுங்க. புள்ளைக்கு நான் சொல்லிக்கிறேன்."

நாட்குறிப்பில் அதை அப்படியே எழுதியிருக்கிறேன். அதற்கு அடுத்த பதினெட்டு நாளும் பதில் எதுவும் எழுதவில்லை. வாய்ப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். தனியாக இருந்த நேரத்தில் காலித் தராசின் முன் நின்று குச்சி செய்வதுபோல் பாவனை செய்தேன். ஐந்து முறையில் மூன்று முறை கை இடப்பக்கம் போனது. கவனமாக இரு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டபோதும் போனது.

வழி கிடைத்தது தற்செயல்தான். மகளுக்கு இருமல் வந்து, மருத்துவமனை டாக்டர் எழுதிய சிரப்பை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மனைவி புட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டாள். சீட்டைப் படித்தேன். பிரெஞ்சுப் பெயர்கள் என் வாயில் கோத்த மணிபோல் வந்தன.

"தமிழ்ல சொல்லுங்க. எனக்கு என்னா தெரியும்?"

முதல் பெயரில் நின்றுவிட்டேன். சற்று நேரம் கழித்து, "அதிமதுரம்" என்றேன். அடுத்ததற்கும் நின்றேன். "சாம்பிராணி. அதாவது சாம்பிராணியிலேர்ந்து எடுக்கிற உப்பு." அடுத்தது அபினி. இந்தப் பொருள்களைப் பதினாறு ஆண்டுகளாகத் தினமும் எடுத்து நிறுத்திருக்கிறேன். ஒன்றையும் ஒருமுறைகூடத் தமிழில் சொன்னதில்லை. ஒவ்வொரு பெயரிலும் நான் நிற்க வேண்டியிருந்தது, அந்தப் பொருளை மனதில் பார்க்க வேண்டியிருந்தது, அதன் பிறகே சொல் வந்தது.

"என்னா, அபினியா? புள்ளைக்கா?" என்று மனைவி புட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். அளவு மிகக் குறைவு என்று விளக்குவதற்குள் கால் மணி நேரம் ஆயிற்று.

மறுநாள் காலித் தராசின் முன் கேள்வியைத் தமிழில் சொல்லிக்கொண்டே செய்து பார்த்தேன். காய்ச்சல் மருந்துப் பொடி, ஐந்து கிராம். கொக்கோ வெண்ணெய், இருபத்தைந்து கிராம். அடுத்து? அடுத்து இல்லை. என் கைக்குப் பிரெஞ்சு தெரியும், தமிழ் தெரியாது. சொல் வரும்வரை அது காத்திருந்தது. இருபது முறை செய்தேன், இருபது முறையும் இடப்பக்கம் போகவில்லை. வேலை மட்டும் ஒவ்வொரு முறையும் ஏழெட்டு நிமிடம் கூடுதலாகப் பிடித்தது.

மனைவியிடம் சொன்னேன். அவள் இரண்டே கேள்வி கேட்டாள். நேரம் போதுமா? வேகமாக நடந்தால் ரயில் பிடிக்கலாம் என்பதுபோல்தான் போதும் என்றேன். மனசு பதறாதா? பதறும் என்றேன்.

"பதறட்டும்" என்றாள். "பேரக் குடுக்க வேணாம்."

ஆகஸ்டில் புதுச்சேரி நண்பர் தன் சான்றிதழைச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு பிரான்சின் மார்செய் துறைமுகத்துக்குக் கப்பல் ஏறினார். துறைமுகத்தில் என்னைக் கட்டிப்பிடித்து, "அண்ணே, அங்க குளிரு. மெழுகு தேவையே படாது" என்றார். அவர் போன பிறகு மருந்தறையில் தமிழ் பேச ஆள் இல்லை. மற்றவர்களுக்குக் கேட்காமல் எனக்கு நானே பேசிக்கொண்டேன், சீட்டு ஒட்டும்போது ஒவ்வொரு புட்டியின் பெயரையும்.

அக்டோபருக்குள் நாடு இரண்டாகப் பிரிந்திருந்தது. வடக்கிலிருந்து வந்தவர்கள் பள்ளிக்கூடங்களிலும் கோயில் முற்றங்களிலும் தங்கியிருந்தார்கள். அவர்களில் மருந்து கலப்போரும் இருந்ததால் கூடத்தில் இந்த முறை முப்பத்தொரு மேசை. பிரெஞ்சு அதிகாரி போய்விட்டார். பேராசிரியர் தலைவராக இருந்தார். வெளியே மழை.

அன்று காலை நாடி எண்பத்தெட்டு. கேள்வித்தாள் கைக்கு வந்தபோது எண்ணவில்லை. மூன்று மருந்து, மூன்றாவது மறுபடியும் குச்சி, வேறு மருந்துப் பொடியோடு. நான் தமிழில் சொல்லத் தொடங்கினேன். உதடு மட்டும் அசைகிறது என்று நினைத்தேன், குரலும் வந்திருக்க வேண்டும். கண்காணிப்பாளர் அம்மாள் வந்து என் மேசையருகில் நின்றார்.

"ஐயா, ஜெபம் செய்வதானால் முன்பே செய்திருக்க வேண்டும்."

"ஜெபம் இல்லை, மதாம். மொழிபெயர்ப்பு."

"மொழிபெயர்ப்பு இந்தத் தேர்வில் கிடையாது."

"தெரியும், மதாம். இனி சத்தம் வராது."

அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார், மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார், போய்விட்டார். என் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. முதல் மருந்தின் பாகுக்குச் சர்க்கரையை நிறுக்கும்போது பாதிக் கரண்டி மேசையில் கொட்டியது. திரும்ப நிறுத்தேன். இரண்டாவது மருந்தில் ஒரு பொருளுக்குத் தமிழ்ச் சொல்லே வரவில்லை. அந்த இடத்தில் ஏழு நிமிடம் போயிற்று என்று பிறகு கணக்கிட்டேன். கடைசியில் "அந்த மஞ்சள் பொடி" என்று வைத்துக்கொண்டு நகர்ந்தேன். எல்லாரும் முடித்துக் கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நான் அச்சைத் திறந்துகொண்டிருந்தேன். அவசரத்தில் பத்துக் குச்சிகளில் ஒன்றின் முனை உடைந்தது. தாளில் இரண்டு பொருள்களை எழுதினேன், முனை உடைந்ததையும் எழுதினேன். மணி அடித்தது.

பேராசிரியர் என் மேசைக்கு வந்தபோது என்னை அடையாளம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. குச்சிகள் மழைக் குளிரிலும் மேலே பளபளக்கத் தொடங்கியிருந்தன. தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார். ஒரு குச்சியை வெட்டி இரண்டு விரலுக்கிடையில் நசுக்கினார். அது உடனே உருகி அவர் விரலில் வழிந்தது. கைக்குட்டையால் துடைத்தார்.

"ஒன்று உடைந்திருக்கிறது" என்றார்.

"எழுதியிருக்கிறேன், ஐயா."

"படித்தேன்."

அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

பதினோரு நாள் கழித்துப் பட்டியல் ஒட்டினார்கள். மதிய இடைவேளையில் போய்ப் பார்த்தேன். மதிப்பெண் வரிசையில் இருபத்திரண்டு பெயர். என்னுடையது பத்தொன்பதாவது. இரண்டு முறை படித்தேன், பிறகு விரலை வைத்து ஒருமுறை. இடைவேளை முடிய இருபது நிமிடம் இருந்ததால் வீட்டுக்கு நடந்தேன்.

மனைவி வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். சொன்னேன். "ம்" என்று சொல்லிவிட்டுக் கடைசித் துணியையும் உதறிப் போட்டாள். பிறகு பக்கத்து வீட்டு வியட்நாமிய அம்மாளைக் கூப்பிட்டு ஏதோ சொன்னாள். இருவருமாகச் சேர்ந்து அவர்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்து வந்தார்கள். கனமாக இருந்தது. பூட்டுப் போட்டிருந்தது.

"என்னா இது?"

"ஆகஸ்டுலயே கட்டி வச்சிட்டேன். நீங்க பாத்தா நோட்டுல எழுதிடுவீங்கன்னுதான் அங்க வச்சேன்."

அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தாள். மேலே மகளின் பாவாடை சட்டைகளும் எண்ணெய்த் துணியில் சுற்றிய பாத்திரங்களும் இருந்தன. இரண்டரை மாதமாக இந்தப் பாத்திரங்கள் அடுப்படியில் இல்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை. பாத்திரத்தை ஒவ்வொன்றாக என் கையில் கொடுத்தாள்.

"நிக்காம வச்சுக்கிட்டே வாங்க. ஒங்களுக்கு மணி ஆவுது."

நான் வாங்கி அலமாரியில் வைத்தேன். ஏழு வைத்தபோது மருத்துவமனையின் மதிய மணி அடித்தது. மீதியை அவள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். நான் கலவை மேசைக்குப் போனேன்.